கப்பலில் இலங்கை போய்த் திரும்பும் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

நாகப்பட்டினத்தில் கப்பலேறி, காங்கேசன்துறை போய்த் திரும்ப என்ன ஆவணங்கள் வேண்டும், சுங்கத்தில் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 1964ஆம் ஆண்டில் இந்திய, இலங்கை அரசுகள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் வாழும் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உறவினர் உள்ள எங்களுக்கு, 2023 அக்டோபரில் தொடங்கிய இந்தக் கப்பல் சேவை மிகவும் வேண்டியிருந்த ஒன்று.

கடல் வழி என்பதால் விதிகள் தளர்வதில்லை. ஆதார் அட்டை செல்லாது. குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டும், இலங்கை அரசின் இணையவழிப் பயண அனுமதியும் வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு எடுத்தாக வேண்டும். குடிவரவு முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்பதை அங்கேயே பார்த்துவிடுங்கள்.

திருமணத்துக்குப் போகிறவர்கள் நிறைய நகை அணிந்து செல்வதாக இருந்தால், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால், திரும்பும்போது அது இங்கிருந்து கொண்டுபோன நகைதான் என்று நிரூபிப்பது கடினம். ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் என்ற வரியில்லா நகைச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோருக்கு மட்டுமே உரியது. இந்திய ரூபாயை 25,000 வரை கொண்டு செல்லலாம்.

நம் மலைக்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது செடிகளைப் பற்றித்தான். பாட்டி கொழுந்து பறித்த தோட்டத்திலிருந்து ஒரு தேயிலைக் கன்றை, வேர்மண்ணோடு ஈரச் சாக்கில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வர ஆசைப்படுகிறவர்களை நான் அறிவேன். அந்த ஆசையின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் இறக்குமதி அனுமதியும் செடியில் நோயும் பூச்சியும் இல்லை என்று இலங்கை அரசு தரும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கன்று, விதைக்கிழங்கு போன்றவற்றைக் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை இடம் தருவதில்லை. இது வெறும் காகிதக் கெடுபிடியன்று. 1961இல் நீலகிரி உருளைக்கிழங்கில் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழுவால், இந்த மாவட்டத்து விதைக்கிழங்கை வெளியே அனுப்பவே தடை வந்தது. வேரோடும் மண்ணோடும் ஒட்டிவரும் அந்தப் புழுவின் முட்டைகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். தேயிலை இலையில் கொப்புளம் உண்டாக்கும் பூஞ்சை நோயான கொப்புள நோயும் 1946இல்தான் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பரவியது. மழைக்காலத்தில் அதற்கு மருந்தடிக்கும் செலவு இங்குள்ள சிறு விவசாயி ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ஆகவே, கன்றுக்குப் பதிலாக அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தூளை முத்திரையிட்ட பொட்டலமாக வாங்கி வாருங்கள். பையில் செடியோ விதையோ இருந்தால் மறைக்காமல், சோதனைக்கு முன்பே அதிகாரியிடம் தெரிவித்துவிடுங்கள்.