வாசகர் கேள்வி: நீரரண் வற்றிய கதை

சங்ககிரி வாசகர்: ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் பெரும்படையை 1566இல் ஹங்கேரியின் சிகெத்வார் கோட்டையில் ஒரு மாதம் தடுத்து நிறுத்திய மிக்லோஷ் ஸ்ரீன்யி, கடைசியில் ஏன் தானாகவே கதவைத் திறந்து வெளியே வந்தார்? உள்ளிருந்தே சண்டை போட்டிருக்கலாமே?

பதில்: உள்ளே நிற்க இடமில்லாமல் போய்விட்டது. உங்கள் ஊர்க் கோட்டை மலையரண், சிகெத்வார் நீரரண். ஹங்கேரிய மொழியில் 'சிகெத்' என்றால் தீவு, 'வார்' என்றால் கோட்டை. ஆல்மாஷ் ஓடையை அணை போட்டு மறித்துச் சுற்றிலும் தண்ணீரும் சேறுமாகத் தேக்கியிருந்தார்கள். சேற்றில் பீரங்கி இறங்கிவிடும். ஈரமண்ணில் சுரங்கம் வெட்டினால் ஊற்றெடுக்கும். அந்தத் தைரியத்தில்தான் சுமார் 2,500 பேரோடு ஸ்ரீன்யி உள்ளே இருந்தார்.

முற்றுகையிட்டவர்கள் அந்த அணையை உடைத்தார்கள். காலிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து விவசாயிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. சேறு காயக் காய, அகழியை மண்ணும் விறகும் கொட்டித் தூர்த்தார்கள். கோட்டையின் மூன்று பகுதிகளில் புது நகரம் போனது, பிறகு பழைய நகரம் போனது, உட்கோட்டைதான் மிச்சம். செப்டம்பர் 5ஆம் தேதி கொத்தளத்துக்கு அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். பற்றிய தீ காற்றில் உள்ளே பரவியது. கியோர் நகரத்துப் பக்கம் முகாமிட்டிருந்த, ஸ்ரீன்யி தரப்புப் பேரரசர் மாக்சிமிலியனின் படை உதவிக்கு வரவே இல்லை. என் கணிப்பில், சுவர் இடிந்ததைவிட அதுதான் பெரிய அடி.

இனி உள்ளே இருந்தால் தீயில் கருக வேண்டும், இல்லை சரணடைய வேண்டும். இரும்புத் துண்டுகள் திணித்த பெரிய பீரங்கியைப் பாலத்தில் நெருங்கியவர்கள் மேல் வெடித்துவிட்டு, அந்தப் புகையிலேயே எஞ்சியவர்களோடு ஸ்ரீன்யி பாய்ந்தார். கவசம் அணியவில்லை, அங்கியில் பொற்காசுகள் வைத்திருந்தார், தன் உடலை எடுப்பவனுக்குக் கூலியாக. பாலத்தைக் கடக்கும்போதே சுடப்பட்டு விழுந்தார். அதற்குச் சற்று முன்பே சுலைமான் தன் கூடாரத்தில் இறந்திருந்தார். தலைமை அமைச்சர் சொகொல்லு மெஹ்மத் பாஷா அதைப் படைக்குத் தெரியாமல் மறைத்தார்.

பவானி வாசகர்: கவிதை எழுதிய ஸ்ரீன்யியும் இவர்தானா?

பதில்: இல்லை. அவர் இவருடைய கொள்ளுப்பேரன். பெயரும் அதே மிக்லோஷ் என்பதால் குழப்பம் வருகிறது. 1664 குளிர்காலத்தில், இன்று குரோஷியாவில் உள்ள ஓசியெக் ஊரின் பாலத்தை எரித்து ஒட்டோமான் படையின் வழியை அறுத்தவர் இந்தக் கவிஞர். அதே ஆண்டு நவம்பரில் சாகொவெக் அருகே வேட்டையில் காட்டுப்பன்றி குத்தி இறந்தார்.