வாசகர் கேள்வி – பதில்: கட்டாரியும் பிச்சுவாவும்

கேள்வி: எங்கள் வீட்டில் இருக்கும் பழைய கட்டாரியில் (குறுக்குப் பிடியை முஷ்டிக்குள் பிடித்துக் குத்தும் ஆயுதம்) அலகும் பிடியும் ஒரே இரும்பாக இல்லை, ரிவிட் அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். புறங்கையை மறைக்கும்படி வளைந்த தகடும் உண்டு. "உடைந்ததை ஒட்டியிருக்கிறார்கள், மதிப்பில்லை" என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தென்னாட்டுக் கட்டாரிகள் பல இப்படித்தான் செய்யப்பட்டன. கடல்வழி வந்த ஐரோப்பிய வாள்களின் அலகை வெட்டி, பிடியிலிருந்து நீளும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே செருகி, ரிவிட் அடித்தார்கள். புறங்கைத் தகடும் தெற்கின் அடையாளம். வடக்கத்திக் கட்டாரிகளில் பொதுவாக அது இராது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அலகின் நடுவே ஓடும் பள்ளங்கள் பட்டைக்கு அடியில் சட்டென்று அறுபட்டு நின்றால், அது பெரும்பாலும் வெட்டிய வாள். உள்ளூர் அலகு தடிமனாக இருக்கும். அதன் முகடுகள் நுனியை நோக்கிக் குவியும். பிறகு 10 மடங்கு லென்ஸில் இணைப்பைப் பாருங்கள். சுத்தியலால் தட்டிய ரிவிட் தலைகள் ஒன்றுபோல இருக்காது. பட்டையின் இடுக்கில் உள்ள துருவும் அலகில் உள்ள துருவும் ஒரே கறுத்த பழுப்பாக இருந்தால் நல்ல அறிகுறி. வெல்டிங் புடைப்போ, திருகாணியோ, ஆங்கிள் கிரைண்டர் விட்ட ஒரே சீரான கீறல்களோ இருந்தால் அது பின்னாள் வேலை.

கேள்வி: பிச்சுவாவில் (வளைந்த அலகுள்ள சிறு குத்துவாள்) துரு ஏறியிருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. புளி, எலுமிச்சை, உப்புத்தாள் மூன்றுமே அலகின் மேற்பரப்பைத் தின்றுவிடும். உருக்கு அலகில் நீரலை போல ஓடும் வரிகள் அந்த மேற்பரப்பில்தான் இருக்கின்றன. பிடியில் பொன் வேலைப்பாடு இருந்தால் இன்னும் ஆபத்து: இரும்பில் குறுக்கும் நெடுக்குமாக நுண்கீறல் போட்டு, அதன்மேல் பொன் இழையைத் தட்டிப் பதித்திருப்பார்கள். தேய்த்தால் துருவோடு பொன்னும் போய்விடும்.

கறுத்த பழுப்பு நிறத்தில் கெட்டியாகப் படிந்திருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். அது வயதின் சான்று. தொட்டால் பொடியாக உதிரும் செந்துருவை மட்டும்தான் எடுக்க வேண்டும். தையல் மெஷின் எண்ணெயை அந்த இடத்தில் மட்டும் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மூங்கில் குச்சியின் நுனியால் மெல்லச் சுரண்டுங்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டு எண்ணெயைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (அருங்காட்சியகங்களில் உலோகத்தைக் காக்கப் பூசும் மெழுகு) மெல்லிசாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் கெட்டு அமிலம் சேரும். வெறுங்கையால் அலகைத் தொட்டால் வியர்வை உப்பு விரல் ரேகையாகவே துருப்பிடிக்கும், கையுறை போடுங்கள். தோலுறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆகவே அலகை உறைக்குள் வைக்காமல் தனியாக வையுங்கள்.

கேள்வி: பிடியை அழுத்தினால் மூன்றாக விரியும் கட்டாரி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: அசலானவை உண்டு. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் காட்சிப் பொருள்கள். உள்ளே ஒரு சிறு அலகு மறைந்திருக்கும். போலிகள் அதைவிட அதிகம். பள்ளம், மேடு, இடுக்கு எங்கும் ஒரே செம்பழுப்புத் துரு என்றால் அது ரசாயனம் வைத்து ஏற்றியது. பிடியில் கை படும் இடம் மட்டும் தேய்ந்து வழவழத்திருக்க வேண்டும்.

வாங்குமுன் சட்டத்தையும் பாருங்கள். 100 ஆண்டு கடந்தது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தந்தப் பிடி என்றால் விற்பதும் வாங்குவதும் குற்றம். அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வரும். கட்டாரியின் அலகு அடிப்பக்கத்தில் 2 அங்குலத்தைத் தாண்டுவது சாதாரணம். உங்கள் ஊரில் உரிமம் தேவையா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.