டெஃபினிஷனையும் மனப்பாடம் பண்ணிட்டாங்க!

கேள்வி: ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு க்ளாஸ் எடுக்கறேன். என்ன சொன்னாலும் தலையாட்டறாங்க, நோட்ல எழுதிக்கறாங்க. 'உங்க கருத்து என்ன'ன்னு கேட்டா 'நீங்க சொல்றதுதான் மேடம் கரெக்ட்'. சரின்னு விமர்சன சிந்தனைய, அதாவது எதையும் அப்படியே நம்பாம சோதிச்சுப் பாக்கறத, தனி பாடமாவே நடத்தினேன், எக்ஸாம்ல அதோட டெஃபினிஷன ஒரு வார்த்தை பிசகாம எழுதி வெச்சிருக்காங்க! என்னதான் பண்றது?

பதில்: டெஃபினிஷன் கேட்டீங்க, எழுதிட்டாங்க, அவங்க மேல தப்பே இல்ல மேடம்.

நாளைக்கே போர்டுல 2, 4, 6ன்னு எழுதுங்க. 'இதுக்குப் பின்னாடி ஒரு ரூல் இருக்கு, நீங்க மூணு மூணு நம்பரா சொல்லுங்க, ரூலுக்கு ஒத்து வருதா இல்லையான்னு மட்டும் சொல்றேன்'னு சொல்லிடுங்க. 8, 10, 12ம்பாங்க, ஆமா. 20, 22, 24, அதுவும் ஆமா. உடனே 'ரெண்டு ரெண்டா கூடுது'ன்னு ஒருத்தர் எந்திரிப்பாரு, இல்லைன்னுடுங்க, மூஞ்சியப் பாக்கணுமே! ரூல் வேற ஒண்ணுமில்ல, ஏறுவரிசையில இருக்கணும், அவ்ளோதான், 1, 7, 50ன்னாலும் ஆமாதான். பீட்டர் வேசன்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1960ல வெளியிட்ட சோதனை இது. தன்னோட யூகம் தப்பாயிருக்குமோன்னு சோதிக்கற நம்பர சொல்றவங்க ரொம்ப கம்மி.

அடுத்தது அவங்களே நம்பற ஒரு விஷயத்த எடுங்க. இந்தப் பையன் பாத்து கத்துக்கறவன், அந்தப் பொண்ணு கேட்டு கத்துக்கறவ, அவங்கவங்க ஸ்டைல்ல நடத்தினா நல்லா ஏறும்னு சொல்றாங்கல்ல, அதேதான். 2008ல ஹெரால்ட் பேஷ்லர்ங்கற உளவியல் ஆய்வாளரும் இன்னும் மூணு பேரும் அதுவரைக்கும் வந்திருந்த ஆய்வெல்லாம் அலசிப் பாத்துட்டு இதுக்குப் போதுமான ஆதாரம் இல்லைன்னுட்டாங்க, ஆனா அத நீங்க முதல்லயே சொல்லிடாதீங்க, அப்புறம் அதையும் நோட்ல எழுதிப்பாங்க. 'இது பொய்யின்னா க்ளாஸ்ல என்ன நடக்கணும்?'னு மட்டும் கேளுங்க. படம் காட்டினேன், பையனுக்குப் புரிஞ்சுது, அப்ப அவன் பாத்து கத்துக்கறவன்னு யாராவது சொன்னா அது நம்ம 8, 10, 12தான், அதே படத்த அந்தப் பொண்ணுக்கும் காட்டிப் பாத்தாத்தானே தெரியும்.

அவங்க ட்ரெயினிங்குக்காக ஸ்கூல்ல எடுக்கற க்ளாஸ்ல 'புரிஞ்சுதா?'ன்னு கேட்டு 'புரிஞ்சுது'ன்னு பசங்க கத்தறதும் இதே ரகம்தான். 0.5, 0.3 எது பெருசுன்னு கேட்டா புரியாத பையனும் சரியா சொல்லிடுவான். 0.35, 0.4ன்னு கேளுங்க, 35 பெருசுன்னு நெனச்சு 0.35ம்பான், அப்பத்தான் அவன் மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னே தெரியும். இந்த மாதிரி மாட்டி விடற கேள்வி ஒவ்வொரு பாடத்துக்கும் ரெண்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க, திணறுவாங்க, திணறட்டும்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. 'உங்க கருத்து என்ன'ன்னு கேட்டுட்டு எவ்ளோ நேரம் சும்மா இருக்கீங்க? டீச்சர்ங்க சராசரியா 1 வினாடிதான் பொறுக்கறாங்க, 3 வினாடி பொறுத்தா பதில் நீளமாகுது, வாயே திறக்காதவங்களும் பேசறாங்கன்னு மேரி பட் ரோங்கற கல்வி ஆய்வாளர் 1970கள்லயே காட்டிட்டாங்க.

அப்புறம் அடுத்த எக்ஸாம்ல டெஃபினிஷன் வேணாம். ஒரு லெசன் ப்ளான குடுத்து 'இது வேலை செய்யலைங்கறத எந்த இடத்துல, எத வெச்சு கண்டுபிடிப்பீங்க'ன்னு கேளுங்க. பேப்பர் திருத்தத்தான் ராத்திரி ஆயிடும்.