தையற்கூடை: ஒட்டுப்போர்வை பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒட்டுப்போர்வை பற்றியவையாக இருந்தமையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். புதிய வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். குவில்ட் என்று வெளியூர்களில் சொல்லப்படும் ஒட்டுப்போர்வைக்கு மூன்று படைகள் உண்டு. துண்டுகளை இணைத்துத் தைத்த மேற்றுணி, நடுவில் வைக்கும் உட்படை, கீழே விரிக்கும் அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அதைப் போர்வையாக்குகிறது.

கேள்வி: ரீச்சர், என்னிடம் முடிக்காத ஒட்டுப்போர்வைகள் ஐந்து இருக்கின்றன. ஒன்று வெட்டிய துண்டுகளாக பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. ஒன்றில் பாதிச் சதுரங்கள் இணைந்துள்ளன. இன்னொன்றுக்கு மேற்றுணி முடிந்துவிட்டது. நான்காவதை மூன்று படையாக்கி, பிறகு பிரித்துவிடும் நீண்ட தற்காலிகத் தையலால் நூலோட்டி வைத்திருக்கிறேன். ஐந்தாவதற்கு விளிம்புப் பட்டி மட்டுமே மிச்சம். தொடங்கத் தெரிந்தவளுக்கு முடிக்கத் தெரியவில்லை என்று மாமி குறைப்படுகிறார். ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டுமா?
– ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஐந்து போர்வைகளும் ஐந்து வெவ்வேறு கட்டங்களில் நிற்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம்முடைய பகுதியில் ஆண்டு முழுவதும் தைப்பவர்களுக்கு வேலை அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்; ஏனென்றால் எந்தக் கட்டத்து வேலையை எப்போது செய்யலாம் என்பதை இங்கே வெயிலும் மழையுமே தீர்மானிக்கின்றன.

துணியைத் தோய்த்து, நீர் வடித்து, சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கவிட்டுக் காயவைக்க நல்ல வெயில் வேண்டும். பருத்தித் துணி முதற் தோய்ப்பிலேயே சுருங்கும் இயல்புடையது. தோய்க்காமல் தைத்த போர்வை பிறகு ஆங்காங்கே இழுபட்டு நிற்கும். ஆகவே மாரிப்போக வேளாண்மை வெட்டி முடிந்து வீடு சற்று ஓயும் பங்குனி, சித்திரை மாதங்களைத் தோய்ப்பதற்கும் வெட்டுவதற்கும் ஒதுக்குங்கள். வைகாசியிலிருந்து கச்சான் என்னும் வெக்கைக் காற்று வீசத் தொடங்கினால் மடியில் கனத்த துணி எதையும் வைத்திருக்க இயலாது. வெட்டி அடுக்கிய துண்டுகளையும் காற்று முற்றம் வரை கொண்டுபோய்விடும். அந்த மாதங்களுக்கு உரியது உள்ளங்கையில் அடங்கும் வேலை. இரண்டு சதுரங்களைச் சேர்ப்பது, அறுகோணத் துண்டுகளைக் கடதாசி அச்சின் மேல் மடித்துத் தைப்பது போன்றவற்றை ஒரு சிறு பையில் போட்டுக்கொண்டு கண்ணகி அம்மன் சடங்குக்காகப் போய்த் தங்கும் உறவினர் வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்தபின் மூன்று படைகளையும் விரித்து நூலோட்டும் வேலையைத் தொடங்குங்கள். அதற்கு அறை முழுவதும் உலர்ந்த தரை வேண்டும். மாரி இறங்கியதும் சீமெந்துத் தரை கசியத் தொடங்கிவிடும். ஐப்பசி முதல் தை வரை, வெளியே மழை விடாது பெய்கையில், நூலோட்டிய போர்வையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மூலையைத் தைக்கலாம். கோடையில் தாங்க முடியாத அதே கனம் அப்போது இதமாக இருக்கும். விளிம்புப் பட்டி மாசிக்கு உரியது. பட்டி முடிந்த கையோடு முதல் தோய்ப்பையும் முடித்துவிடலாம்.

என்னிடம் இப்போது மூன்று இருக்கின்றன. ஒன்று, பள்ளிக்கூட வெள்ளைச் சீருடை தைத்தபோது மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வருவது. வெள்ளைக்குள்ளேயே எத்தனை வெள்ளை உண்டென்பதை அதில்தான் கண்டேன். மற்றொன்று பேத்திக்கான அறுகோணப் போர்வை. மூன்றாவது நெடுங்காலமாக என்னோடு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பின் நிவாரணமாக வந்த உடுப்புகளுள் நம் வெக்கையில் உடுக்கவே முடியாத தடித்த சட்டைகளும் இருந்தன. அவற்றை எறிய மனம் வராமல் பிரித்து வெட்டியபோதுதான் நான் இந்தத் தையலுக்கே வந்தேன். அந்தத் துண்டுகளில் கடைசியாக மிஞ்சியவற்றை மாரி தோறும் சில வரிகளாகத் தைத்து வருகிறேன். அதை அவசரப்பட்டு முடிக்க நான் விரும்பவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு போர்வையின் பொதியிலும் அடுத்து என்ன வேலை, எந்த மாதம் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் செருகி வைப்பது. விளிம்பு மட்டும் மிச்சமுள்ளதை வரும் மாசியில் முடித்து மாமியின் கட்டிலில் விரித்துவிடுங்கள்.

கேள்வி: சிவப்புச் சாரத்துணியும் வெள்ளைத்துணியும் சேர்த்துத் தைத்த மேற்றுணியைத் தோய்த்தபோது வெள்ளை முழுவதும் ரோசா நிறமாகிவிட்டது. உப்பும் வினாகிரியும் கலந்த நீரில் முன்பே ஊறவைத்திருந்தேன். ஏன் இப்படி ஆனது?
– ஒரு வாசகி, ஏறாவூர்

பதில்: துணிக்குச் சாயமேற்றும்போது உப்புக்கு வேலை உண்டு; சாயம் நூலில் இறங்க அது துணைசெய்யும். ஆனால் ஏற்கனவே சாயமேறிக் கடைக்கு வந்த துணியில் ஒட்டாமல் மிஞ்சி நிற்கும் சாயத்தை உப்பாலும் வினாகிரியாலும் பிடித்துவைக்க முடியாது. கடும் சிவப்பு, கறுப்பு, கருநீலம் ஆகியவற்றைத் தனித்தனியே, நீர் தெளிவாக வரும் வரை பல தரம் தோய்ப்பதே வழி. பிறகு ஈரமான வெள்ளைத் துணியொன்றை அதன் மேல் வைத்துச் சூடான இஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள்; வெள்ளையில் நிறம் படிந்தால் அது இன்னும் ஒட்டுப்போர்வைக்குத் தகுதி பெறவில்லை. கறைபட்ட மேற்றுணி இன்னும் ஈரமாக இருந்தால் வெயிலில் போடாமலும் இஸ்திரிக்கை போடாமலும், பெரிய பாத்திரத்தில் நிறைய வெந்நீரும் சலவைத் தூளும் இட்டு ஓர் இரவு முழுவதும் மூழ்கி இருக்க விடுங்கள். தேவையானால் நீரை மாற்றி மீண்டும் ஊறவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் நெசவுக் குடும்பம். தறியில் மிஞ்சும் துண்டுகளைக் கொண்டு 4 அங்குலச் சதுரங்களாக வரிக்கு 15 வைத்துத் தைக்கிறேன். 60 அங்குலம் வர வேண்டிய வரி ஏறக்குறைய இரண்டு அங்குலம் குறைகிறது. வெட்டும்போது மிகச் சரியாகவே வெட்டுகிறேன். தவறு எங்கே?
– ஒரு வாசகி, மருதமுனை

பதில்: நெசவுக்குப் பேர்பெற்ற ஊரிலிருந்து வந்த இந்தக் கேள்வியை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டேன். தவறு வெட்டில் இல்லை, தையல் ஓரத்தில் இருக்கிறது. 15 சதுரங்களுக்கிடையே 14 தையல்கள் விழுகின்றன. ஒவ்வொரு தையலும் இரு பக்கத்துத் துணியையும் எடுத்துக்கொள்வதால் மொத்தம் 28 ஓரங்கள். கால் அங்குலம் விட வேண்டிய இடத்தில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு மட்டும் கூடுதலாக விட்டாலே 28 தரம் சேர்ந்து ஒன்றே முக்கால் அங்குலம் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசகுதான் உங்கள் வரியைக் குறைக்கிறது.

ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டிகளை வெட்டி அருகருகே சேர்த்துத் தைத்து அழுத்திப் பாருங்கள். நடுப்பட்டி சரியாக ஓர் அங்குலமாகவும் மொத்தம் மூன்றரை அங்குலமாகவும் இருந்தால் உங்கள் கால் அங்குலம் சரியானது. குறைந்தால், மெஷினின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலத்துக்கு ஒரு நூல் உள்ளே தடித்த அட்டைத் துண்டொன்றை ஒட்டி, துணியின் ஓரம் அதைத் தொட்டபடி ஓட விடுங்கள். தையலை மடித்து அழுத்தும்போது துணியில் ஒரு மடிப்பின் தடிப்பும் போய்விடுவதால்தான் அந்த ஒரு நூல். இஸ்திரிக்கைப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். கைத்தறித் துணி இழுத்தால் நீண்டுகொடுக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சற்று ஐதாக நெய்த கைத்தறித் துணியின் வெட்டோரம் விரைவில் நூல் பிரியும். அத்தகைய துணிக்குக் கால் அங்குலம் போதாது. அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு விடுங்கள். அப்படியானால் சதுரத்தை நாலே முக்கால் அங்குலமாக வெட்ட வேண்டும். துணி சிறிது கூடத்தான் போகும். பல ஆண்டு தோய்ப்பைத் தாங்க வேண்டிய பொருளுக்கு அது பெரிய செலவன்று.

கேள்வி: மூன்று படைகளையும் ஊக்குகளால் பிணைத்து வைத்தால் போதும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்து மாரி முழுவதும் வைத்திருந்தேன். பிரித்தபோது ஒவ்வொரு ஊக்கின் இடத்திலும் துருக்கறை.
– ஒரு வாசகி, பெரியகல்லாறு

பதில்: உங்கள் துணிக்கு நேர்ந்ததற்கு என் அறிவுரையே காரணம், வருந்துகிறேன். கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள ஊர்களின் உப்புக் காற்றில் ஊக்குகளை நாட்கணக்கில் துணியில் விடக்கூடாது என்பதை நான் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். ஒரே கிழமைக்குள் தைத்து முடிக்கும் சிறு வேலைக்கு ஊக்கு பொருந்தும். மாரியைக் கடக்கப் போகும் போர்வைக்கு வெள்ளைப் பருத்தி நூலால் ஒரு கையகல இடைவெளியில், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நூலோட்டுவதே நல்லது. வெள்ளைத் துணியில் பட்ட துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, பிறகு நன்றாக அலசுங்கள். நிறத்துணி வெளிறக்கூடும் என்பதால் அதில் முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். குளோரின் கலந்த வெளிற்றும் நீரைத் துருவின் மேல் ஊற்ற வேண்டாம். கறை இன்னும் அழுத்தமாகப் பதிந்துவிடும்.

கேள்வி: எங்கள் உம்மா சென்ற ஆண்டு மௌத்தாகிவிட்டார். அவர் உடுத்த ஆறு பருத்திச் சேலைகள் என்னிடம் இருக்கின்றன. தங்கைகளுக்கும் சேர்த்துப் போர்வை தைத்துக் கொடுக்க நினைக்கிறேன். ஆனால் கத்தரிக்கோலை எடுத்தால் கை ஓடவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, அக்கரைப்பற்று

பதில்: வெட்ட வேண்டாம். சேலையை வெட்டாமலே போர்வையாக்கும் வழி ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதம் அதை எழுத எனக்கு இடம் தந்திருக்கிறது.

ஒரு சேலை ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் நீளமும் 45 அங்குல அகலமும் கொண்டது. அதை நீளவாக்கில் மூன்றாக மடித்தால், முந்தானை மேலும், உடற்பகுதி நடுவிலும், மற்ற முனை கீழுமாக 72 அங்குல நீளத்தில் மூன்று படைகள் அமையும். ஒருவர் போர்த்திக்கொள்ள அது போதும். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி நெருக்கமான ஓட்டுத்தையலால் இணைத்துக் காந்தா என்னும் போர்வையைச் செய்வது இந்த வகையில்தான். தனியாக உட்படை எதுவும் கிடையாது. நம் காலநிலைக்கு அத்தனை மெல்லியதே ஏற்றது. கர்நாடகத்துச் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் போர்வையில் துண்டுகளை அடிச்சேலையின் மேல் ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு போவார்கள். கிழிந்த இடங்கள் உள்ள சேலைக்கு அந்த முறை உதவும், ஓட்டையின் மேல் ஒரு துண்டு உட்கார்ந்துவிடும்.

முதலில் சேலையில் கஞ்சி இருந்தால் தோய்த்து நீக்குங்கள். மூன்று படைகளையும் சுருக்கமில்லாமல் நூலோட்டியபின், நீளவாக்கில் நடுவில் முதல் வரியைத் தைத்து, அதிலிருந்து இரு பக்கமும் ஓர் அங்குலத்துக்கு ஒரு வரியாக ஓரத்தை நோக்கிப் போங்கள். அப்படிப் போனால் மிஞ்சும் தளர்வு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். மொத்தம் 45 வரிகள், ஏறக்குறைய 80 மீற்றர் தையல். மாலைக்கு ஒரு வரி தைத்தால் ஒன்றரை மாதம். கார்த்திகையில் தொடங்கினால் தை பிறக்கும் முன் ஒரு போர்வை முடிந்துவிடும். ஆறு சேலைகளையும் ஒரே மாரியில் முடிக்க எண்ண வேண்டாம். தங்கைகளும் வந்து உட்கார்ந்து ஆளுக்கொரு வரி தைப்பார்களானால் அந்த வரிகள் நேராக இல்லாவிட்டாலும் பிரித்துத் திருத்தாதீர்கள்.

உம்மாவின் சேலையில் பழைய கறையோ தைத்த கிழிசலோ இருந்தால் அதை மறைக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. மேலே வரும்படியே மடியுங்கள்.

கேள்வி: மாரியில் அலுமாரிக்குள் வைத்த போர்வையில் பூஞ்சணம் பிடிக்கிறது. சில இடங்களைப் பூச்சியும் அரித்திருக்கிறது.
– ஒரு வாசகர், திருக்கோவில்

பதில்: பொலித்தீன் பையில் வைத்திருந்தீர்களா என்று எழுதவில்லை, அப்படியானால் காரணம் அதுவே. துணிக்குள் மிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணமாகிறது. பழைய பருத்திப் பெட்சீட்டில் சுற்றி, அலுமாரியின் சுவரோரப் பக்கத்தைத் தவிர்த்து வையுங்கள். வெள்ளிப் பூச்சிகள் தேடி வருவது கஞ்சியை. ஆகவே எடுத்து வைக்கும் போர்வைக்குக் கஞ்சி போட வேண்டாம். மழை இரண்டு நாள் விட்டு வெயில் எறிக்கும்போது வெளியே எடுத்து உதறி, நண்பகல் வரை கொடியில் போட்டு, சூடு முழுவதும் தணிந்தபின் முன்பிருந்த மடிப்பில் அல்லாமல் வேறு மடிப்பில் மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில்தான் துணி முதலில் இற்றுப்போகும்.