நேரம் போகப் போக ஹைட்ரஜன் ஏறினால் முதலில் ஆனோடைப் பாருங்கள்

வணக்கம். கார்பன் டையாக்சைடை மின்சாரத்தால் கார்பன் மோனாக்சைடாக மாற்றும் கலத்தில் உங்கள் நிக்கல்-நைட்ரஜன்-கார்பன் வினையூக்கி முதலில் 90% கார்பன் மோனாக்சைடு தருகிறது, ஒரு மணி நேரத்துக்குள் ஹைட்ரஜன் ஏறிவிடுகிறது, வினையூக்கியைப் புதிதாகத் தயாரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நிக்கல் அணுக்கள் தனித்தனியாக நிற்காமல் துகளாகத் திரண்டிருந்தால், பெரும்பாலும் ஆரம்பத்திலேயே ஹைட்ரஜன் கூடுதலாக வந்திருக்கும். உங்கள் தொடக்கம் நன்றாகவே இருக்கிறது.

என் சந்தேகம் நீங்கள் ஆனோடாக, அதாவது நேர்மின்முனையாக, வைத்திருக்கும் பிளாட்டினம் கம்பி மேல்தான். அதுவும் சவ்வே இல்லாத ஒற்றை அறைக் கலத்தில்! ஆனோடில் பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து, பைகார்பனேட் கரைசல் வழியே வந்து வினையூக்கி இருக்கும் கேத்தோடில் (எதிர்மின்முனையில்) படியும். ஹைட்ரஜனை அவ்வளவு சுலபமாக வெளியேற்றும் உலோகம் அது. கண்ணுக்கே தெரியாத படிவு போதும், கணக்கு தலைகீழாகிவிடும்.

பயன்படுத்திய கேத்தோடை எக்ஸ்பிஎஸ்-இல் (மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் என்று காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) வைத்து 71 எலெக்ட்ரான் வோல்ட் அருகே பாருங்கள். உலோகப் பிளாட்டினம் இருந்தால் அங்கே தெரியும். அப்புறம் இரட்டை அறைக் கலத்துக்கு மாறி, நடுவில் நாஃபியான் என்ற, நேர் அயனிகளைக் கடத்தும் சவ்வு வையுங்கள், ஆனோடுக்கு கிராஃபைட் தண்டு. சவ்வு இல்லாமல் கம்பியை மட்டும் கிராஃபைட்டாக மாற்றாதீர்கள்: கிராஃபைட்டே ஆக்சிஜனேற்றமடைந்து கார்பன் மோனாக்சைடு விடும், உங்கள் அளவீடு பொய்யாகும்.

பைகார்பனேட் உப்பில் இருக்கும் இரும்பு, துத்தநாகச் சுவடுகளும் இதே தொல்லையைத் தரும். நல்ல தரமான உப்பு வாங்குங்கள்.

இதற்குப் பிறகும் கார்பன் மோனாக்சைடு சரிந்தால், நிக்கல் துகளாகத் திரண்டிருக்கிறதா என்று அறிய எக்ஸ்ஆர்டி-யில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) 44.5 டிகிரியில் நிக்கல் முகடு வருகிறதா என்று பார்க்கலாம். கார்பன் டையாக்சைடுக்குப் பதில் ஆர்கான் வாயுவை விட்டு ஒரு வெற்று ஓட்டமும் கட்டாயம் எடுங்கள். மின்னழுத்தம், வாயு ஓட்ட வேகம் இரண்டையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.