வாய், தொண்டைப் புற்றுநோய்: புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

தலை, கழுத்துப் புற்றுநோய் வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மருந்தின் அளவையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பற்றிக் கேட்காதீர்கள். அவற்றை உங்களைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நெல்லிக்குப்பம்: அப்பாவுக்கு நாக்கு ஓரத்தில் புண். ஒரு மாதமாகச் சத்து மாத்திரை, ஜெல் போடுகிறோம். வலி இல்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம். சாதாரண வாய்ப்புண் இரண்டு வாரத்தில், மிஞ்சினால் மூன்று வாரத்தில் ஆறிவிடும். ஆரம்பத்தில் பலருக்கு வலியே இருக்காது, அதனால் வலி இல்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ இந்த வாரமே போங்கள்.

கடலூர் முதுநகர்: பயாப்ஸி எடுத்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே, சிஸ்டர்?

பரவாது. சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்காமல் எந்த நோய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சிகிச்சையும் தொடங்க மாட்டார்கள். பயாப்ஸி எடுத்தபின் பயந்துபோய் மாதக்கணக்கில் வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் வளர்கிறது. பழி பயாப்ஸி மேல் விழுகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: கழுத்தில் கட்டி இருந்தால், சின்ன கிளினிக்கில் அதைக் கீறி எடுக்க விடாதீர்கள். முதலில் மெல்லிய ஊசியால் உறிஞ்சிச் சோதிப்பதுதான் முறை.

பாகூர்: அம்மாவுக்குக் கன்னத்தில் ஆபரேஷன் முடிந்தது. 30 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டுமாம். அதற்கு முன் நாலு பல் பிடுங்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார். பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அதற்கப்புறம் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் போகலாம், எலும்பு செத்து வெளியே தெரியலாம், சீழ் வைக்கலாம். இந்த ஆபத்து ஒன்றிரண்டு வருடத்தில் தீராது, ஆயுளுக்கும் இருக்கும். சொத்தைப் பற்களை இப்போதே எடுத்துவிட்டால் புண் ஆற 10 நாள் முதல் 2 வாரம் போதும்.

ஆனால் அதையே சாக்காக வைத்து இழுத்தடிக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிட வேண்டும். தொடங்கிவிட்டால் வாரம் ஐந்து நாள், நடுவில் விடக்கூடாது. பொங்கல், குலதெய்வம், வீட்டு விசேஷம் எதற்கும் விடக்கூடாது. இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் நோய் செல்கள் வேகமாகப் பெருகும். மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் வெந்து, எச்சில்கூட விழுங்க முடியாமல், "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்பார். அப்போதுதான் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லுங்கள். சாப்பிட முடியாவிட்டால் மூக்குக் குழாய் போடச் சம்மதியுங்கள். உடம்பு எடை இறங்காமல் இருந்தால்தான் 30 நாளையும் முடிக்க முடியும்.

பண்ருட்டி: புகையிலை கெடுதல், சரி. வெறும் வெற்றிலை பாக்குக்கு என்ன? என் பாட்டி 88 வயதுவரை போட்டார்.

உங்கள் பாட்டி நன்றாக இருந்தது சந்தோஷம். ஆனால் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேராவிட்டாலும்தான்.

பண்ருட்டி மறுபடி: நம் பண்பாட்டில் உள்ளதை எல்லாம் கெடுதல் என்றால் எப்படி? கல்யாணத் தாம்பூலத்தையும் நிறுத்திவிடலாமா?

தாம்பூலத் தட்டில் வைப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் மென்று கன்னத்தில் அடக்கி வைப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். பாக்கு கன்னத்தின் உட்பக்கத்தை நார்போல இறுக்கிவிடும். முதலில் காரம் எரியும், பிறகு வாய் திறப்பது குறையும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் டாக்டரிடம் போங்கள். இருபது வயதுப் பையன்கள் பாக்குப் பொட்டலத்தைப் போட்டுக்கொண்டு ஒரு விரல்கூட நுழையாத வாயோடு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பாட்டி கதை உதவாது.

வில்லியனூர்: பாக்கைத் திட்டுகிறீர்கள், தெருவுக்குத் தெரு இருக்கும் சாராயக் கடையை விட்டுவிட்டீர்களே?

விடவில்லை. மதுவும் புற்றுநோய்க் காரணம்தான். புகையிலையோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். அதற்காகப் பாக்கு நல்லதாகிவிடாது.

லாஸ்பேட்டை, பல் டாக்டர்: சிஸ்டர் சொல்வது சரி. பல் கூச்சம் என்று வருகிறவர்களிடம் வாய் திறப்பைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

நன்றி, டாக்டர். அந்த ஒரு நிமிடத்தை எல்லாப் பல் கிளினிக்கிலும் ஒதுக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் வீடுவீடாக வாயைப் பார்த்துப் பரிசோதித்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் கணிசமாகக் குறைந்திருந்தது. டார்ச்சு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்த பரிசோதனைதான் அது.

அரியாங்குப்பம்: பயாப்ஸி எடுத்தால் பரவுமா?

முதுநகருக்குச் சொன்னதுதான். பரவாது.

லாஸ்பேட்டை, வேறொருவர்: நாக்கில்தான் கட்டி, கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்திலும் ஆபரேஷன் என்கிறார்கள். பணத்துக்காகவா?

இல்லை. கழுத்தில் உள்ள நிணநீர்க் கணுக்களில் நோய் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆபரேஷனிலேயே கழுத்துக் கணுக்களையும் எடுத்துவிட்டவர்களில் மூன்று வருடம் கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கட்டி தெரிந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். ஆபரேஷனுக்கப்புறம் தோள் இறுகும். பிசியோதெரபியை முதல் மாதமே தொடங்குங்கள்.

தேவனாம்பட்டினம்: அண்ணனுக்குக் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். மறுபடி படகில் போகலாமா? பேச்சு வருமா?

பேச்சுக்கு மூன்று வழி உண்டு: கழுத்துத் துளைக்குள் வைக்கும் சிறு வால்வு, கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவி, உணவுக்குழாயில் காற்றை நிறுத்திப் பேசும் பயிற்சி. பேச்சுப் பயிற்சியாளரிடம் தவறாமல் போகச் சொல்லுங்கள். பாதிப் பேர் வெட்கப்பட்டு அங்கே போவதை நிறுத்திவிடுகிறார்கள். பேசும் நம்பிக்கையை அதோடு விட்டுவிடுகிறார்கள்.

கடல் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, படகு வேண்டாம். இனி அவர் மூச்சு விடுவது கழுத்துத் துளை வழியாக மட்டும்தான். தண்ணீரில் விழுந்தால் நீர் நேராக நுரையீரலுக்குப் போகும். லைஃப் ஜாக்கெட் வாயையும் மூக்கையும்தான் தண்ணீருக்கு மேலே வைக்கும், துளை மூழ்கியே இருக்கும். பிழைப்புக்குக் கரையில் வலை பின்னுவது, ஏலத்தில் நிற்பது போல ஏதாவது பாருங்கள். அவர் சட்டைப் பையில் "கழுத்து வழியாகத்தான் சுவாசம், ஆக்சிஜனை அங்கே வையுங்கள்" என்று எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ்காரர் மூக்கில்தான் மாஸ்க் வைப்பார்.

சிதம்பரம்: சென்னையா, புதுச்சேரியா?

அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்று டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் இடமாக இருக்க வேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் ஜிப்மரிலும் அது உண்டு. இரண்டில் எதில் தினமும் போய்வர முடியும், துணைக்கு ஆள் இருப்பார் என்று பாருங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையிலேயே படிவம் வாங்கலாம்.

பாகூர், வேறொருவர்: கரண்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. பல் ஆடுகிறது. பக்கத்துக் கிளினிக்கில் பிடுங்கலாமா?

பிடுங்க விடாதீர்கள். கதிர்வீச்சு கொடுத்த இடத்துக்கே போய்க் கேளுங்கள்.

குறிஞ்சிப்பாடி: அத்தைக்கு மார்பில் கட்டி.

என் துறை இல்லை. ஆனால் நாளைக்கே காட்டுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: கழுத்தில் கதிர்வீச்சு முடிந்து ஒரு வருடம். அப்பா எப்போதும் சோர்வு, உடம்பு ஊதுகிறது, குளிர்கிறது என்கிறார். நோய் திரும்பிவிட்டதா?

தைராய்டு சுரப்பு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கழுத்துக் கதிர்வீச்சுக்குப் பிறகு இது அடிக்கடி வரும், தினம் ஒரு மாத்திரையில் சரியாகும். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை தைராய்டு சுரப்பைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்து, ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள்.