மொட்டை மாடியில் அவிழ்த்து விட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு ஒன்றரை வயது. மதுரையில் அடுக்குமாடி வீடு, கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறோம். காலையும் மாலையும் அரைமணி நேரம் மொட்டை மாடியில் அவிழ்த்து விடுகிறோம். அப்படியும் செருப்பு, சோபா எதையும் விடாமல் கடித்துக் குதறுகிறான். நாங்கள் கிளம்பினால் ஒரே குரைப்பு. அடித்தும் பார்த்துவிட்டோம், திருந்தவில்லை.

பதில்: முதலில் அடிப்பதை நிறுத்துங்கள். காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் அடி விழுந்தால், நீங்கள் வந்தாலே அடிதான் என்று பயப்படுவான். வேறெதுவும் அவனுக்குப் புரியாது.

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்காகத் தென் மாவட்டங்களில் வளர்த்த இனம். நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு என உடம்பு முழுவதும் ஓட்டத்துக்காகவே அமைந்தது. மாடியில் விட்டால் இரண்டு சுற்று ஓடுவான், அப்புறம் கைப்பிடிச் சுவரோரம் நின்று தெருவைப் பார்த்துக் குரைப்பான். அங்கே புது வாசனையும் இல்லை, கூட விளையாட ஆளும் இல்லை. செலவாகாத அந்தத் தெம்புதான் சோபாவில் இறங்குகிறது. புறாவைத் துரத்திச் சுவரைத் தாண்டிவிடுகிற ஆபத்து வேறு.

விடியற்காலையில் முக்கால் மணி நேரம் நடத்திக் கூட்டிப் போங்கள். கம்பத்தடியில் நின்று மோப்பம் பிடித்தால் கயிற்றைச் சுண்டாதீர்கள். மோப்பம் பிடிப்பது நாயின் மூளைக்கு நல்ல வேலை. நிதானமாக முகர்ந்துவிட்டு வரும் நாய் வீட்டில் அடங்கிப் படுக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், சுற்றுச்சுவர் உள்ள மைதானத்தில் கால் மணி நேரம் ஓட விடுங்கள். திறந்த வெளியில் வேண்டாம். அணிலையோ பூனையையோ பார்த்துவிட்டால், எவ்வளவு கூப்பிட்டாலும் காதில் விழாது.

சாப்பிட்டவுடன் ஓட விடவே கூடாது. ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம், சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். வெயிலிலும் கவனம் வேண்டும். நாய்க்கு உள்ளங்காலில்தான் வியர்வை, மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவன் பாதத்துக்கும் சுடும்.

மாலையில் பத்து நிமிடம் பழைய துணியை முறுக்கி இழுத்து விளையாடுங்கள். அலுவலகம் கிளம்பும்போது கொஞ்சம் தீனியைத் துண்டில் சுருட்டிக் கொடுங்கள், பிரித்துத் தின்பதிலேயே நேரம் போகும். துணியையே விழுங்கும் பழக்கம் இருந்தால் மட்டும் இது வேண்டாம்.

இப்படித் தினமும் ஓடியாடும் நாய்க்குத் தசை இறுகும், எடை ஏறாது, தூக்கம் ஆழமாக வரும். சிப்பிப்பாறைக்கு விலா லேசாகத் தெரிவது இயல்புதான், அதைப் பார்த்து இரக்கப்பட்டுச் சோற்றைக் கூட்டிவிடாதீர்கள்.

இரண்டு மூன்று வாரம் இதை விடாமல் செய்யுங்கள். அதற்குப் பிறகும் நீங்கள் கிளம்பியதும் எச்சில் வடிய, கதவைப் பிறாண்டிக் கத்தினால், அது பிரிவுப் பதற்றமாக இருக்கலாம். கேமரா வைத்துப் படம் பிடித்து, அதோடு நாயையும் கால்நடை மருத்துவரிடம் நேரில் கூட்டிப் போங்கள்.